கடல் மேல் நான் போட்ட பழி

மகனே, உன் பிள்ளை நன்றாக இருக்கிறாள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். கடிதம் வந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டு பிறகு முதல் பக்கத்துக்கு வருகிறவன் நீ. இந்தத் தடவை அப்படிப் புரட்ட வேண்டாம். அனிஷாவுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் மெஷினில் அவள் நெஞ்சையே படமாகக் காட்டி, நல்ல நெஞ்சு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் அம்மா ரீனாவும் பக்கத்தில்தான் நின்றாள். இனி நீ பைய வாசிக்கலாம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று சிரிக்காதே. போனில் சொல்லலாம்தான். நீ வீடியோவில் வந்ததும் உன் மகள் போனைப் பிடுங்கி, ஆடுகிற பல்லை உனக்கு ஆட்டிக் காட்டுகிறாள். நான் சொல்ல வேண்டியது அந்தப் பல்லுக்கு நடுவே சொல்லக்கூடியது இல்லை. பக்கத்து வீட்டு சகாயத்தின் மகன் சனிக்கிழமை மஸ்கட்டுக்குப் புறப்படுகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கருவாடும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன். எப்போதும் கொடுப்பதில் பாதிதான். ஏன் பாதி என்பது பின்னால் தெரியும்.

போன மாதம் பால்வாடியில் பிள்ளைகளை எல்லாம் பரிசோதிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ரீனா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டதால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருக்கிற நர்சம்மா இசக்கியம்மாள், ஆழ்வார்குறிச்சிக்காரி. வயல்காட்டிலிருந்து வந்தவளுக்குக் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அவள் பார்த்த விதம் வேறு. எடை, உயரத்தோடு விடவில்லை. நகத்தை அழுத்திப் பார்த்தாள். கீழ் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் நாடி பார்த்தவள் தொடை இடுக்கிலும் பார்த்தாள். சின்னப் பட்டை ஒன்றைக் கையில் சுற்றி, ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிரஷர் பார்த்தாள். பிள்ளை மூச்சு விடுவதைக் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினாள். குழாயைப் பிள்ளையின் நெஞ்சில் வைக்கும் முன் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அந்த ஒன்றில்தான் என் இளக்காரம் போயிற்று.

பார்த்துக்கொண்டே என்னிடம் கேள்வி கேட்டாள்.

"ஆச்சி, கைப்பிள்ளையா இருக்கையில பால் குடிக்கும்போது வேர்த்துக் கொட்டுமா?"

"இல்லம்மா."

"ஓடி விளையாடுனா மத்த பிள்ளைகளுக்கு முந்தி களைச்சுப் போவுதாளா?"

"அவளா? களைச்சுப் போறது நானுல்லா."

"சளி அடிக்கடி நெஞ்சுல கட்டுதா? காய்ச்சலோட முட்டு வலிக்குன்னு சொல்லுதாளா?"

"அதெல்லாம் இல்ல."

"விளையாட்டுக்கு நடுவுல திடீர்னு குத்தவச்சு உக்காந்துகிடுதாளா?"

உன் மகள் அப்படித்தான் உட்காருகிறாள். கடற்கரையில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பாள், சட்டென்று முழங்காலை மடக்கி மணலில் குந்திவிடுவாள். போன மழைக்காலத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

"இல்ல" என்றேன்.

"குடும்பத்துல சின்ன வயசுல யாரும் தவறியிருக்காங்களா ஆச்சி? நெஞ்சுக் கோளாறு, மயங்கி விழுந்தது, அப்படி?"

"மூத்த பொண்ணு ஒண்ணு தவறிட்டா. அது கடல்ல போனது. நெஞ்சுக் கோளாறெல்லாம் எங்க குடும்பத்துல கெடையாது."

அவள் எழுதினாள். எழுத்து எனக்குத் தலைகீழாக இருந்தாலும் வாசிப்பேன் என்பது உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூட வாத்தியார் மேசையில் அப்படி வாசித்துத்தானே உன் கணக்கு மார்க்கைக் கண்டுபிடித்தேன். கடைசி இரண்டு கேள்விக்கும் நேரே "இல்லை" என்று எழுதினாள். பிறகு குழாயை வைத்துக் கேட்டாள். உட்கார வைத்துக் கேட்டாள், படுக்க வைத்துக் கேட்டாள், மறுபடியும் உட்கார வைத்துக் கேட்டாள்.

"ஆச்சி, லேசா ஒரு சத்தம் கேக்கு. பயப்படாதீங்க. சத்தம் கேட்டா எல்லாம் சீக்குன்னு அர்த்தம் இல்ல. ஆனா கேட்டுட்டு சும்மா விடவும் கூடாது. பாளையங்கோட்டைக்குச் சீட்டு எழுதித் தாரேன். மெஷின்ல ஒரு தடவ பாத்துருவோம்."

அந்தச் சீட்டை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். உனக்கு இப்போது நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு "இல்லை"யைப் பற்றித்தான்.

உன் அக்காள் ரோசி கடலில் போகவில்லை.

நீ பிறக்கும் முன் உன் அப்பா இராமேஸ்வரம் பக்கம் படகு வேலைக்குப் போயிருந்தார். ஒரு வருடம் போல அங்கே குடியிருந்தோம். ரோசிக்கு அப்போது ஆறு வயது. ஓடுவாள், கொஞ்ச நேரத்தில் குத்தவைத்து உட்காருவாள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்து ஓடுவாள். நான் அதைக் கேலி செய்தேன். "ஏட்டி கிழவி, அதுக்குள்ள முட்டு வலியா?" என்பேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் என்னைப் பார்த்து அவளைக் கிழவி, கிழவி என்று கூப்பிடப் பழகிவிட்டன. ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் வைத்த பேர் அது. கிழவியாகிற வரைக்கும் அவள் இருக்கவில்லை, மகனே.

குடியிருந்த வீட்டுக்காரருக்கு ஒரு நாவல் மரம் உண்டு. ஒருநாள் அந்த அம்மாள் வந்து, பிள்ளைகள் பழத்தைப் பறித்துவிட்டதாகச் சத்தம் போட்டாள். நான் ரோசியைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். உதடு நீலமாக இருந்தது. "தின்னியாட்டி?" என்றேன். "இல்லம்மா" என்றாள். உதட்டிலே சாயத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறாளே என்று கன்னத்தில் ஓர் அடி அடித்தேன். அழ அழ அந்த நீலம் இன்னும் கறுத்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வாயைக் கழுவு என்று குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கழுவினாள். போகவில்லை. நன்றாகத் தேய் என்றேன்.

அதற்கடுத்த வாரம் காய்ச்சல் வந்து, மூச்சுக்குத் தவித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றே போய்விட்டாள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன். பிறக்கும்போதே நெஞ்சில் கோளாறு இருந்திருக்கிறது என்றார். "உதடு நீலமா இருந்தத யாரும் பாக்கலையாம்மா?" என்று கேட்டார். நாவல் பழம் என்று நினைத்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாவிடம்கூட அந்த அடியைப் பற்றி நான் கடைசி வரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அவளை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு ஊருக்கு வந்தோம். உன் பெரியத்தை வாசலைத் தாண்டியதுமே என்னை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "நெஞ்சுக் கோளாறுன்னு வெளிய சொல்லிராத. இனி பொறக்கப்போற பிள்ளைக்கு எவன் சம்பந்தம் பேச வருவான்? கடல் எடுத்துட்டுன்னு சொல்லு. நம்ம ஊருல அதுக்கு மேல எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்." சரியாகத்தான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. கடல் எடுத்தது என்றால் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பெரியத்தையை நீ வையாதே. நம் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். சொன்னது அவள் என்றாலும், வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தது நான்.

பிறகு நீ பிறந்தாய். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் அடுத்த பிள்ளையைத் தண்ணீரில் விடுவாளா? விட்டால் ஊர் என்ன நினைக்கும்? அதற்காகத்தான், மகனே, உன்னை நீந்த விடவில்லை. பயத்தால் என்று நீ நினைத்திருப்பாய். பயமும் இருந்தது. ஆனால் முதலில் இருந்தது என் பொய்யைக் காப்பாற்றுகிற கவலைதான். நீ பத்து வயதில் ஆற்று முகத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றதற்கு உன்னை ஈரத்தோடு தெரு முழுக்க அடித்துக்கொண்டு வந்தேனே, அன்றைக்கு எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் அடித்தேன். "புன்னக்காயல்ல பொறந்துட்டு நீச்சல் தெரியாதாம்லே, இவன் ஆட்டுக்குட்டிலே" என்று உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். உன் அப்பா ஒரு தடவை உன்னைப் படகில் ஏற்றப் பார்த்தார். நான் மண்ணில் புரண்டு அழுதேன். அவருக்கு உண்மை தெரியும். ஆனாலும் என் முகத்துக்காக உன்னை இறக்கிவிட்டார். இப்போது நீ மஸ்கட் துறைமுகத்தில் அத்தனை உயரத்தில் கிரேனில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடலைப் பார்க்கிறாய். இறங்கி ஒரு முழுக்குப் போடத் தெரியாது. அது என்னால்.

சரி, நர்சம்மாவிடம் வருகிறேன். சீட்டை ரீனாவிடம் கொடுத்தேன், சத்தம் கேட்கிறது என்றதையும் சொன்னேன். ரோசியைச் சொல்லவில்லை. அனிஷா குந்தும்போதெல்லாம் உதட்டைப் பார்க்க ஓடினேன். மூன்றாம் நாள் காலையில் நானே நர்சம்மா இருக்கிற சுகாதார நிலையத்துக்குப் போய் வாசலில் நின்றேன். ஊசி போட வந்த தாய்மார் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"என்ன ஆச்சி, ஒங்களுக்கா ஊசி?"

"அம்மா, அந்தத் தாள்ல ரெண்டு எடத்துல இல்லைன்னு எழுதுனீயளே. அது ரெண்டும் தப்பு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். இராமேஸ்வரம், கிழவி என்ற பேர், டாக்டர் கேட்ட கேள்வி, அத்தனையும். அந்த அடியை மட்டும் உனக்கென்று வைத்துக்கொண்டேன். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவள் பேனாவை எடுத்து, "பேரு என்ன ஆச்சி? ரோசியா? வயசு ஆறா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் என் பிள்ளையின் பேரை ஒரு தாளில் உண்மையோடு எழுதியது அந்த ஆழ்வார்குறிச்சிக்காரிதான்.

"திட்டலியாம்மா?" என்றேன்.

"எதுக்கு? எங்க அம்மாவும் சக்கர இருக்குன்னு என்கிட்டயே மறைச்சவதான். நான் நர்சு, அவ மறைக்கா. நீங்க மூணே நாள்ல வந்துட்டீங்களே." பிறகு, "பிள்ளை எங்கன வெளையாடுதா? சாயங்காலம் நான் பாக்கணும்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அனிஷா ஓடினாள், ஓடினாள், திடீரென்று குந்தினாள். என் கை நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் பைய விடுவித்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் தானும் குந்தினாள். உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஏன் உக்காந்துட்ட?"

"உஸ்ஸ்!" என்றாள் உன் மகள். "உள்ள இருக்கு. சத்தம் போட்டா வராது."

நண்டு வளை! குச்சியை உள்ளே விட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நர்சம்மா அங்கேயே மணலில் விழுந்து சிரித்தாள். "ஆச்சி, இவள நெஞ்சு உக்கார வைக்கல, நண்டு உக்கார வைக்குது!" என்று கத்தினாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணீர் வந்தது, அதையும் மணல் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பார், சின்னப் பொய் இன்னும் விடவில்லை. ஆனால் எழுந்து வந்தவள், "சத்தம் சத்தந்தான் ஆச்சி. மெஷின்ல பாக்காம நான் விடமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரீனாவிடம் சொன்னதுதான் கஷ்டம். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் வைத்தாள்.

"ஏன் மாமி, கல்யாணத்துக்கு முந்தி சொன்னா நாங்க வேண்டாம்னுட்டுப் போயிருப்போம்னு பயந்தீங்களோ?"

"ஆமாட்டி."

"ஒங்க மகன் மூக்கப் பாத்தும் சரின்னவ நான். இதுக்கா போவேன்?" என்றாள். உடனே குரல் மாறி, "ஆனா என் பிள்ள விசயத்துல இனிமே எங்கிட்ட ஒண்ணையும் மறைக்கப்பிடாது மாமி" என்றாள். அதை என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பார்வைக்கு நான் கடன்பட்டவள். உனக்கு வாய்த்தவள் நல்லவள், அதை நீ அவளிடம் சொல்கிறாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லு.

பாளையங்கோட்டைக்குப் போன அன்று வண்ணார்பேட்டையில் இறங்கி, அந்த நெரிசலில் நடந்துகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் நடுப்பாதையில் பிள்ளை குந்தியிருக்கிறாள். நான் "யேசுவே!" என்று கத்தி, ஒரு பஸ்ஸையே நிறுத்திவிட்டேன். ரீனா, "மாமி, செருப்பு வார மாட்டிக்கிட்டிருக்கா" என்றாள். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஆச்சி, செருப்புக்கா இவ்வளவு கூப்பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மெஷின் அறையில் பிள்ளையின் நெஞ்சில் பசை மாதிரி எதையோ தடவினார்கள். கூச்சம் தாங்காமல் அவள் நெளிந்தாள். திரையில் அவள் இருதயம் திறந்து மூடி, திறந்து மூடி ஓடியது. சின்ன மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி இருந்தது. அதை நான் பார்த்தேன், மகனே. ரோசிக்குள்ளே என்ன இருந்தது என்று நான் பார்த்ததில்லை. டாக்டர் நர்சம்மாவின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஜெபமாலையைப் பிடித்திருந்தேனே தவிர ஒரு மணியும் உருளவில்லை. "ஓட்டை இல்ல. அடைப்பு இல்ல. நல்ல நெஞ்சு. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு இரத்தம் ஓடுற சத்தம் சில நேரம் இப்படிக் கேக்கும், வளர வளரப் போயிடும். ஓடட்டும், ஆடட்டும்" என்றார். அந்தத் தாளைக் காட்டி, "இத எழுதிக் குடுத்தது நல்லது. அதனாலதான் தேடிப் பாத்தேன்" என்றும் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருடமாகத் தலையில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ கை கொடுத்து இறக்கின மாதிரி இருந்தது.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். "கேட்டீங்களா ஆச்சி, நான் சொன்னேன்லா" என்று அவளும் சிரித்தாள். அடுத்த மூச்சில், "கருவாட்டக் கொறைங்க, அவ்வளவு உப்பு ஆகாது. வீட்டுல எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்" என்றாள். பாதிக் கருவாட்டின் கதை இதுதான்.

இப்போது உன் முறை. அந்தத் தாளில் தகப்பனுக்குப் பிரஷர் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ரீனா இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன தடவை நீ வந்தபோது சட்டை துவைக்க உன் பையைத் திறந்தேன். சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். உன் அப்பா கடைசியில் தின்ற அதே மாத்திரை. நர்சம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் எழுதிக்கொண்டாள். ரீனாவிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அவள் பயப்படுவாள் என்று மறைக்கிறாய், எனக்குத் தெரியும். நானும் உங்களுக்காகத்தான் மறைத்தேன். என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன், மறுபடி வாசி. அவள் வயிற்றில் இன்னொன்று மூன்று மாதம். ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்க்கும்போது, பிள்ளையின் அத்தை ஒருத்தி நெஞ்சுக் கோளாறில் தவறியவள் என்று அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறாள். நான் கூடவே போய், நானே சொல்வேன். இனி எனக்கு அதைச் சொல்லப் பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று. லீவில் வரும்போது நீ நீச்சல் பழக வேண்டும். முப்பது வயதுக்கு மேல் ஆற்றில் இறங்கினால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். சகாயம் கற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் ஒருநாள் என்னை இராமேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. அவளை அடக்கம் செய்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். நாவல் பழக் காலமாக இருந்தால் ஒரு கூறு வாங்கிக்கொள்வோம். அவள் தின்னவே இல்லை, பாவம்.

இந்தக் கடைசிப் பக்கத்தைக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று தாளைப் பிடுங்குகிறது, எழுத்துக் கோணினால் அதனால்தான். உன் அக்காளை இந்தக் கடல் எடுக்கவில்லை. எடுக்காததற்கு இத்தனை வருடம் அதன் மேல் பழி போட்டேன், அது ஒன்றும் சொல்லாமல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அனிஷா இவ்வளவு நேரம் அலைக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது குந்திவிட்டாள். கையில் குச்சி இருக்கிறது. நான் எழுந்து போகவில்லை. நன்றாக உட்கார்ந்து தோண்டட்டும்.